முதியோரும் கழிப்பறையும்: ஜப்பானியர் கண்ட வழி

முதியவர் ஒருவர் மயங்கிய நிலையில் எங்கள் மருத்துவப் பிரிவுக்குக் கொண்டுவரப்படும்போது, சர்க்கரை அளவு, இரத்த அழுத்தம், உட்கொள்ளும் மாத்திரைகள் ஆகியவற்றை விசாரித்த பின்னர் நாங்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “வீட்டில் கழிப்பறை எங்கே இருக்கிறது?” உடன் வந்தவர்கள் சற்றே திகைப்பார்கள். நோய்க்கும் கழிப்பறைக்கும் என்ன தொடர்பு என்ற ஐயம் அவர்கள் முகத்தில் தெரியும்.

சென்ற மழைக்காலத்தில் வந்த ஒரு பெரியவரின் நிலை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இளமை முழுவதும் ரப்பர் பால் வெட்டி உழைத்தவர். முழங்கால்கள் தேய்ந்துவிட்டன. சிறுநீர்த் தொற்றும் கடுமையான நீரிழப்பும் சேர்ந்து அவரை நினைவு தடுமாறும் நிலைக்குக் கொண்டு வந்திருந்தன. இரண்டு நாள் சிகிச்சையில் தெளிந்து எழுந்ததும் காரணத்தை அவரே சொன்னார்: “ராத்திரி எழும்பக் கூடாதுல்லா டாக்டரே, அதுக்குத்தான் நாலு மணிக்கு மேல வெள்ளம் குடிக்கதில்ல.” அவர் வீட்டுக் கழிப்பறை பின்புறத்தில், மூன்று படி இறங்கிச் செல்லும் சரிவில் இருக்கிறது. மழைக்காலத்தில் படிகளில் பாசி படர்ந்துவிடும். உள்ளே குந்தியமரும் பீங்கான், பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. ஒருமுறை விழுந்திருக்கிறார். மறுமுறை விழுந்தால் மகளுக்குச் சுமையாகிவிடுவோம் என்று அஞ்சி, நீரைக் குறைத்தார். பிறகு உணவையும் குறைத்தார். 1906-ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்டு, நாஞ்சில் நாட்டு வயல்களுக்கெல்லாம் இன்றளவும் நீர் வழங்கும் அணையின் அருகில் வாழும் ஒருவர், ஒரு குவளை நீருக்கு அஞ்சி வாழ்ந்திருக்கிறார்.

ஏறத்தாழ அதே நாள்களில் வேறொரு நோயாளியின் மகன் வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில் எங்களிடம் ஓர் ஆலோசனை கேட்டார். பக்கவாதத்தால் வலக்கை செயலிழந்த தம் தாயாருக்கு, தானே கழுவி உலர்த்தும் ஜப்பானியக் கழிப்பறை இருக்கை ஒன்றை வாங்கி அனுப்பலாமா என்பது அவர் கேள்வி. ஆடம்பரப் பொருள் என்று அதை உடனே ஒதுக்கிவிட எங்களுக்கு மனம் வரவில்லை. அக்கருவியின் வரலாற்றை நோக்கினால், அது மருத்துவத் தேவையிலிருந்து பிறந்த பொருளென்பது விளங்கும்.

இருக்கையோடு இணைந்த கழுவு குழாயை 1960-களில் சந்தைக்குக் கொண்டு வந்தவர் அமெரிக்கரான ஆர்னால்ட் கோஹன். ஆசனவாய் நோயால் வருந்திய தம் தந்தைக்காகவே அதனை உருவாக்கினார். 1964-இல் ஜப்பானின் டோட்டோ நிறுவனம் அக்கருவியை இறக்குமதி செய்து, மூல நோயாளிகளுக்கும் குனிந்து கழுவிக்கொள்ள இயலாதவர்களுக்கும் பயன்படுமென்று மருத்துவமனைகளுக்கு விற்றது. கருவியோ முரண்டு பிடித்தது. நீரின் வெப்பம் நிலையாக இல்லை. பீய்ச்சும் திசையும் சரியாக அமையவில்லை. சில ஆண்டுகளுக்குப் பிறகு அந்நிறுவனப் பொறியாளர்கள் தாங்களே புதிதாக ஒன்றை வடிவமைக்க முற்பட்டனர்.

அவர்கள் எதிர்கொண்ட முதற்சிக்கல் நகைப்புக்குரியதாகத் தோன்றலாம். ஆயினும் உடற்கூற்றியல் பயின்ற எங்களுக்கு அது மதிப்பை உண்டாக்குகிறது. அமர்ந்திருப்பவரின் ஆசனவாய் இருக்கையில் எந்த இடத்தில் அமைகிறது என்பதற்கு எந்த நூலிலும் அளவு இல்லை. எனவே இருக்கையின் குறுக்கே கம்பி ஒன்றைக் கட்டி, நிறுவன ஊழியர்களையே அமரச் செய்து, ஒவ்வொருவருக்கும் இடத்தைக் குறித்தனர். ஆண், பெண் என ஏறத்தாழ 300 பேர் இதற்கு உடன்பட்டனர். அதிலிருந்து நீர் பாயும் கோணம் 43 பாகை என்றும், இதமான நீர் வெப்பம் 38 பாகை செல்சியசை ஒட்டியது என்றும் முடிவு செய்தனர். அடுத்த சிக்கல் மின்சாரம். நீரும் மின்சாரமும் ஒரே இருக்கைக்குள் இருக்க வேண்டும். அமர்ந்திருப்பவருக்கு அதிர்ச்சி தாக்கக் கூடாது. கொட்டும் மழையிலும் பழுதின்றி எரியும் போக்குவரத்து விளக்குகளைக் கண்டு, அவற்றில் பயன்பட்ட ஈரம் புகாத மின்சுற்று முறையை இதற்குள் கொண்டு வந்தனர். 1980 ஜூன் மாதத்தில் ‘வாஷ்லெட்’ என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. இன்று ஜப்பானியக் குடும்பங்களில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினரிடம் ஏதேனும் ஒரு நிறுவனத்தின் வெந்நீர்க் கழுவு இருக்கை இருக்கிறது.

நீரால் கழுவும் வழக்கம் நமக்குப் புதியதன்று. காகிதத்தால் துடைத்துப் பழகிய நாடுகளுக்கு இது பெருவியப்பு. நமக்கு இதில் வியப்பென்ன என்று வாசகர்கள் கேட்பது நியாயமே. எங்கள் மருத்துவ நோக்கில் விடை வேறிடத்தில் இருக்கிறது. ஜப்பானியக் கழிப்பறையின் தரை காய்ந்திருக்கிறது.

அந்நாட்டு வீடுகளில் குளியலறை வேறு, கழிப்பறை வேறு. கழிப்பறைக்குள் அணிவதற்கென்றே தனிக் காலணி வைப்பது அவர்களின் பழைய வழக்கம். கழுவும் நீர் முழுவதும் பீங்கான் கிண்ணத்துக்குள்ளேயே பாய்ந்து, அதனுள்ளேயே வடிந்துவிடுகிறது. நம் வீடுகளில் வாளியும் குவளையும், அல்லது சுவரில் தொங்கும் கைக்குழாயும் இருக்கின்றன. ஒவ்வொரு முறையும் தரை நனைகிறது. ஈரம் காய்வதற்குள் அடுத்தவர் நுழைகிறார். பேச்சிப்பாறை மழையில் அது காய்வதே இல்லை. சோப்பு நீரும் கலந்துவிட்டால் இளைஞருக்கே கால் வழுக்கும். இடுப்பெலும்பு முறிந்து எங்கள் எலும்பியல் பிரிவில் படுத்திருக்கும் பாட்டிமாரிடம் எங்கே விழுந்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். பலரும் கழிப்பறையை அல்லது அதற்குச் செல்லும் வழியைத்தான் சொல்வார்கள்.

விழுவதற்கு ஈரம் மட்டும் காரணமன்று. மலம் கழிக்க முக்கும்போது மார்பினுள் அழுத்தம் உயர்ந்து, இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைகிறது. முக்கி முடித்து உடனே எழும்போது இரத்தம் கால்களில் தேங்க, மூளைக்குச் செல்லும் ஓட்டம் சில நொடிகள் குன்றுகிறது. இரத்த அழுத்த மாத்திரையும், ஆண்களுக்குப் புராஸ்டேட் சுரப்பிக்காகத் தரப்படும் சில மாத்திரைகளும் இந்த இறக்கத்தை மிகுவிக்கும். நள்ளிரவில் உறக்கம் கலைந்து எழுந்து, நின்றபடியே சிறுநீர் கழிக்கும் முதியவர் அப்படியே சரிந்து விழுவதை நாங்கள் கண்டிருக்கிறோம். அமர்ந்து கழிப்பதும், முடித்தபின் ஒரு நிமிடம் அமர்ந்திருந்து எழுவதும் செலவில்லாத மருந்துகள்.

குந்தியமர்தலைக் குறைவாகப் பேசுவது எங்கள் நோக்கமன்று. குந்தியமரும்போது மலக்குடலைச் சுற்றி வளைத்திருக்கும் தசை தளர்ந்து, குடலின் வளைவு நேராகிறது; மலம் எளிதில் வெளியேறுகிறது. முழங்கால் நலமாக உள்ளவர்கள் அதைக் கைவிட வேண்டியதில்லை. மேலை முறை இருக்கையில் அமர்பவர்களும் காலடியில் ஒரு சாண் உயரத்துக்குச் சற்றுக் குறைந்த மணை ஒன்றை வைத்து, முழங்கால்களை உயர்த்தி, உடலை முன்சாய்த்தால் ஏறத்தாழ அதே பயனைப் பெறலாம். ஆனால் இடுப்பு மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டவர்கள் அவ்வாறு செய்தல் கூடாது. தள்ளாடி நடப்பவர்களுக்கு அந்த மணையே தடுக்கிவிடும். ஜப்பானியரும் முன்பு குந்தியமர்ந்தவர்களே. 1970-களின் பிற்பகுதியில்தான் அங்கே அமரும் இருக்கைகளின் விற்பனை மற்றதை விஞ்சியது. மக்கள் முதுமையடைய முதுமையடைய, அவர்களின் கழிப்பறையும் உயர்ந்துகொண்டு வந்தது என்று சொல்லலாம்.

அக்கழிப்பறைகளின் ஏனைய வசதிகளையும் ஒரு மருத்துவர் வேறு கண்ணால் பார்க்கிறார். ஆள் வருவதை உணர்ந்து தானே திறக்கும் மூடி, குனிய முடியாத முதுகெலும்பு நோயாளிக்கு உதவுகிறது. கழுவியபின் வீசும் இளஞ்சூட்டுக் காற்று, தொடையிடுக்கில் பூஞ்சைத் தொற்று அடிக்கடி வரும் சர்க்கரை நோயாளிக்கு நல்லது. அது மெதுவாகத்தான் உலர்த்தும், பொறுமை வேண்டும். கையை இருக்கைக்கடியில் கொண்டு செல்லாமலே கழுவிக்கொள்ள முடிவது, பக்கவாதம், பார்க்கின்சன் நோய், தோள்மூட்டு இறுக்கம் ஆகியவற்றால் வருந்துவோருக்கு மிகப்பெரிய விடுதலை. தாயைக் கழுவிவிடும் மகள் முகம் சுளிப்பதில்லை. ஆயினும் தாய் கூசுகிறாள். பிறர் கை படாமல் தன் உடலைத் தானே தூய்மை செய்துகொள்ள முடிந்த அன்றைக்குத்தான் தம் நோய் பாதி குணமாயிற்று என்று எங்களிடம் சொன்னவர்கள் உண்டு.

இந்தக் கூச்சத்தையும் ஜப்பானியர் பொறியியல் சிக்கலாகவே எடுத்துக்கொண்டனர். தாங்கள் கழிக்கும் ஓசை வெளியே கேட்கக் கூடாதென்று பெண்கள் மீண்டும் மீண்டும் நீரைத் திறந்துவிடுவதால் நீர் வீணாவதைக் கண்டு, 1988-இல் ‘ஓட்டோஹிமே’ என்ற சிறு கருவியை அமைத்தனர். பொத்தானை அழுத்தினால் நீர் ஓடும் ஓசை மட்டும் எழும், நீர் செலவாகாது. இதைப் படித்துச் சிரிப்பவர்கள், பொதுப்பிரிவில் ஒரு துணித்தட்டிக்குப் பின்னால் படுக்கைக் கழிகலனைப் பயன்படுத்தும் நோயாளியை எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம். வெட்கத்தால் மலத்தை அடக்கி, நான்கு நாள் கட்டிக்கொண்டு, இறுதியில் எனிமா வேண்டியவராவோர் எத்தனையோ பேர். எங்கள் செவிலியர்கள் அந்நேரத்தில் வானொலியைச் சற்று உரக்க வைப்பதுண்டு. அதுவும் ஓர் ஓட்டோஹிமேதான்.

குடல் அறுவைக்குப்பின் வயிற்றில் துளையிட்டுப் பை பொருத்தப்பட்டவர்கள் அந்நாட்டில் வெளியூர்ப் பயணம் செல்ல அவ்வளவு தயங்குவதில்லை. இரயில் நிலையங்களிலும் பொதுக்கட்டடங்களிலும் உள்ள பல்நோக்குக் கழிப்பறைகள் பலவற்றில், பையை நின்றபடியே காலி செய்து கழுவுவதற்கென உயரமான தொட்டியும் கைக்குழாயும் அமைத்திருக்கிறார்கள். நம் நாட்டில் அத்தகைய நோயாளிகள் திருமணத்துக்கும் போவதில்லை, தேவாலயத்துக்கும் கோயிலுக்கும் போவதில்லை. அவர்களைத் தடுத்து வைப்பது நோயன்று.

இனி, அம்மகனுக்கு நாங்கள் எழுதிய எச்சரிக்கைகளைச் சொல்ல வேண்டும். வெந்நீர் பீய்ச்சும் இருக்கைக்கு மின்சாரமும் போதிய நீரழுத்தமும் தேவை. ஏறத்தாழ 5 மீட்டர் உயரத்திலுள்ள தொட்டி தரும் அழுத்தமேனும் இராவிட்டால் பல கருவிகள் ஒழுங்காக இயங்கா. ஓட்டுவீட்டின் அருகில் தாழ்வாக நிற்கும் பிளாஸ்டிக் தொட்டி இதற்குப் போதாது. நிலத்தொடர்பும் மின்கசிவைத் துண்டிக்கும் கருவியும் இல்லாத இணைப்பில், அதுவும் நாள்தோறும் நனையும் குளியலறையில், இதைப் பொருத்தவே கூடாது. ஐப்பசி மாதத்து இடிமின்னலில் தொலைக்காட்சிப் பெட்டியின் இணைப்பைப் பிடுங்குகிறோம். இதற்கும் அதுவே விதி. இருக்கையைச் சூடாக்கும் வசதி ஜப்பானியக் குளிர்காலத்துக்கு உரியது. அங்கே அறைக்கு அறை வெப்பம் மாறுவதால் முதியோரின் இரத்த அழுத்தம் திடீரென ஏறி இறங்கும் இடர் இருக்கிறது. இங்கே மார்கழிப் பனியிலும் அது வேண்டா. சர்க்கரை நோயால் உணர்வு மரத்துப்போனவர்களும் செயலிழந்த உறுப்புடையவர்களும் சூடான இருக்கையில் நெடுநேரம் அமர்ந்தால், அவர்கள் அறியாமலே தோல் புண்ணாகிவிடக்கூடும்.

பீய்ச்சும் விசையையும் குறைத்தே வைக்க வேண்டும். வலிய நீர்த்தாரையால் அடிக்கடியும் நெடுநேரமும் கழுவுபவர்களுக்கு ஆசனவாய்த் தோலின் இயற்கை எண்ணெய் நீங்கி அரிப்பும் வெடிப்பும் தோன்றுவதை ஜப்பானிய மருத்துவர்களே சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். சில நொடிகள் போதும். மலம் வரவழைப்பதற்காக நீரை உள்ளே பீய்ச்சுவது தீய பழக்கம். பலர் பயன்படுத்தும் இடங்களில் குழாய் முனைகளில் நுண்ணுயிர்கள் குடியேறுவதும் அங்குள்ள மருத்துவமனைகளில் கண்டறியப்பட்டிருக்கிறது. ஆகவே முனையை வாரந்தோறும் தூய்மை செய்தாக வேண்டும். மறதி நோய் உள்ளவரிடம் பத்துப் பொத்தான்களைக் கொடுத்தால் அவர் அஞ்சி எழுந்துவிடுவார். ஜப்பானிலேயே வெளிநாட்டுப் பயணிகள் பொத்தான் புரியாமல் தடுமாறியதால், 2017-இல் உற்பத்தியாளர்கள் ஒன்றுகூடிப் படக்குறிகளைப் பொதுமைப்படுத்த வேண்டியதாயிற்று.

அடுத்த கட்டமாக, சிறுநீரையும் மலத்தையும் தானே ஆராயும் கழிப்பறைகளும் வந்துகொண்டிருக்கின்றன. சிறுநீரிலுள்ள சர்க்கரையை அளக்கும் கழிப்பறை ஜப்பானில் 2005-இலேயே விற்பனைக்கு வந்தது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில், இந்தியாவில் பிறந்த மருத்துவ அறிஞர் சஞ்சீவ் கம்பீரின் குழு 2020-இல் வெளியிட்ட கருவி, ஆளை அடையாளங்காண விரல் ரேகையோடு ஆசனவாய்ச் சுருக்கங்களின் அமைப்பையும் படம்பிடிக்கிறது. அக்கருவிக்காக அக்குழுவினர் ஒருவருக்கு 2023-இல், முதலில் சிரிக்கவும் பின்னர் சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரப்படும் இக் நோபல் பரிசு கிடைத்தது. நாங்களும் முதலில் சிரித்தோம். எனினும் நீரை ஊற்றுமுன் ஒருமுறை திரும்பிப் பார்க்கும் பழக்கம் இருந்தால், அக்கருவி சொல்லும் செய்திகளுள் சிலவற்றை நம் கண்ணே சொல்லிவிடும். தார் போன்று கருத்து ஒட்டும் மலம் இரைப்பையில் இரத்தக் கசிவைக் குறிக்கலாம். இரும்புச்சத்து மாத்திரையாலும் கருப்பாகும், ஆனால் அதை முடிவு செய்வதை எங்களிடம் விட்டுவிடுங்கள். வெளிறிய மலமும் கடுந்தேநீர் நிறச் சிறுநீரும் பித்தநாள அடைப்பாக இருக்கலாம். நாற்பது வயதைக் கடந்தவருக்கு மலத்தில் இரத்தம் தெரிந்தால், மூலம்தானே என்று நாட்டு மருந்து தேடி மாதங்களைக் கழிக்க வேண்டா.

செலவைப் பற்றியும் பேச வேண்டும். முழு மின்னணு இருக்கைக்குப் பல்லாயிரம் ரூபாய் ஆகும். அம்மகனின் வீட்டில் மேல்நிலைத் தொட்டி, நல்ல மின்னிணைப்பு, தனிக் குளியலறை மூன்றும் இருந்தமையால் வாங்கலாம் என்றே சொன்னோம். தாயாரின் இடக்கைப் பக்கம் பொத்தான்கள் வரும்படி பொருத்துமாறு எழுதினோம். அவ்வசதி இல்லாதவர்கள், இருக்கைக்கடியில் பொருத்தும் மின்சாரம் தேவைப்படாத கழுவு குழாயைச் சில ஆயிரம் ரூபாய்க்குள் வாங்கலாம். திருகினால் கிண்ணத்துக்குள்ளேயே நீர் பீய்ச்சும், தரை நனையாது.

2014-இல் தொடங்கிய தூய்மை இந்தியா திட்டத்தின் 12,000 ரூபாய் ஊக்கத்தொகையால் மலையோரக் குடியிருப்புகள் பலவற்றில் முதன்முறையாகக் கழிப்பறை எழுந்தது. அது பெரும் பேறு. வயிற்றுப்போக்கைப் பார்த்துச் சலித்த மருத்துவர்களாகிய நாங்கள் அதை மறுக்க மாட்டோம். ஆனால் அவற்றுள் பெரும்பாலானவை குந்தியமர்பவை, கைப்பிடி இல்லாதவை, கதவு உட்பக்கமாகத் திறப்பவை. உள்ளே விழுந்தவரின் உடலே கதவை அடைத்துக்கொள்ளும். கூரை ஓட்டைப் பிரித்து இறங்கி ஒருவரை வெளியே எடுத்த செய்தியும் எங்களுக்கு வந்திருக்கிறது. கதவை வெளிப்பக்கமாகத் திறக்கும்படி மாற்றுவதற்கு ஒரு தச்சரின் அரைநாள் வேலை போதும்.

தொடக்கத்தில் சொன்ன பெரியவரின் வீட்டுக்கு எங்கள் இயன்முறை மருத்துவர் ஒருமுறை சென்று பார்த்தார். ஜப்பானியப் பொருள் ஒன்றும் அங்கே வாங்கப்படவில்லை. இரவுக்கென ஒரு கமோட் நாற்காலி கட்டிலருகில் வைக்கப்பட்டது. பகலுக்காக, பீங்கானின் மேல் நிறுத்தும் இரும்பு இருக்கை ஒன்று. இருபுறமும் சுவரில் இரும்புக் குழாய்க் கைப்பிடி. படிகளின் ஓரமாக ஒரு கயிறு. பாசியைச் சுரண்டிவிட்டுச் சொரசொரப்பான சிமெண்டுப் பூச்சு. வழியில் ஒரு விளக்கு. உள்ளிருந்து இழுத்தால் அடுக்களையில் ஒலிக்கும்படி ஆட்டுக்குட்டியின் மணி ஒன்றையும் மகள் கட்டிவிட்டார். மறுபரிசோதனைக்கு வந்தபோது சிறுநீரில் தொற்று இல்லை. நாளொன்றுக்கு எட்டுக் குவளை நீர் குடிப்பதாகச் சொன்னார். பேத்தி விளையாட்டாக அந்த மணியை இழுத்து வீட்டையே ஓடி வரச் செய்கிறாள் என்பதுதான் அவருடைய ஒரே குறை.

முதியோரை அழைத்து வரும் குடும்பத்தினர், வீட்டுக் கழிப்பறையின் நீள அகலம், கதவின் அகலம், படிகளின் உயரம் ஆகியவற்றை ஒரு தாளில் குறித்துக் கொண்டு வாருங்கள். கைப்பேசியில் படம் எடுத்து வந்தால் இன்னும் நலம். இதய, சிறுநீரக நோயாளிகளுக்கு நீரின் அளவு வேறுபடும். அதையும் அப்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.